சீமாட்டியை நீ கூப்பிடும் சொல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தால் போனை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறோம். தினமும் போனில் பேசுகிறவர் திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். முதலில் நல்ல சேதி. நீ விட்டுப்போன நாய்க்குட்டி சீமாட்டி நன்றாகச் சாப்பிடுகிறாள், கால் இன்னும் நீண்டுவிட்டது, வயிறு மட்டும் ஒட்டியே கிடக்கிறது. மாடி வீட்டு அம்மா இன்னமும் உங்க பொண்ணு ஏன் ஆட்டுக்குட்டி வாங்கிட்டு வந்தா என்று கேட்கிறார். இது அபூர்வமான வேட்டை நாய் இனம், தேடினாலும் கிடைக்காது என்று உன் அம்மா நீட்டி முழக்குகிறாள். நாய் என்றாலே ஆகாது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ வீடியோவில் "ஓடி வா" என்று கூப்பிட்டதும் அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாளே, தூக்கக் கலக்கம் என்று நான் சொன்னேன், அது பொய். அவள் உன் குரலுக்கு ஒளியவில்லை, அந்தச் சொல்லுக்கு ஒளிந்தாள். அதற்குக் காரணம் நான். கிளம்புவதற்கு முன்னால் நீ படித்துப் படித்துச் சொன்னாய், "ஓடி வா" என்றால் அவளுக்கு நல்லது மட்டும்தான் நடக்க வேண்டும், ஒரு வாய் பிஸ்கட், ஒரு தடவல், குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ வேண்டுமென்றால் நாம்தான் எழுந்து போய் அழைத்து வர வேண்டும் என்று. நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். நீ போன பிறகு முட்டி வலி ஒரு சாக்கு, நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சோம்பல். சொன்னால் பாய்ந்து வருகிறாளே என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேன். வந்தவளைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனேன், காதில் மருந்து ஊற்றினேன். என் செருப்பைக் கடித்த அன்றும் கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள், அந்தச் செருப்பை மூக்குக்கு நேரே நீட்டித் திட்டித் தீர்த்தேன். நம் டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிதாக வரும் மாஸ்டர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் உனக்கே மனப்பாடம். பழகுகிறவர் தேவையில்லாத இடத்தில் பிரேக் போட்டாலும் திட்டாதீர்கள், திட்டினால் தேவையான இடத்தில் போடத் தயங்குவார். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவன் வீட்டில் ஒரு குட்டியிடம் அதையே செய்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் சீமாட்டியின் கழுத்துப் பட்டையின் கொக்கி கழன்றுவிட்டது. அவள் ரோட்டோரம் போய் எதையோ மோந்துகொண்டு நின்றாள். நான் பதறிப்போய் "ஓடி வா, ஓடி வா" என்று கத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், காதை மடக்கினாள், ரோட்டைக் குறுக்கே பாய்ந்து ஓடினாள். ஒரு பால் வேன் கிறீச்சிட்டு நின்றது. அவள்மேல் படவில்லை, பயப்படாதே. வேன் டிரைவர் என்னிடமே வண்டி பழகியவர். என்ன மாஸ்டர், சும்மா நின்ன நாய் நீங்க கூப்பிட்டதும்தானே ஓடுச்சு, அடிப்பீங்களா அதை என்று கேட்டார். ஒருநாளும் கை நீட்டியதில்லை என்றேன், செருப்பை நீட்டியதைச் சொல்லவில்லை. கூட வந்த அம்மாதான் எதிர்ப்புறம் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையில் பேசாமல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சீமாட்டி தானாக வந்து அம்மாவின் மடியில் தலையை வைத்தாள்.

உனக்குச் சொல்லிக்கொடுத்த நாய்ப் பயிற்சிக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். அந்தச் சொல்லு கெட்டுப்போச்சு சார், விட்டுட்டுப் புதுசா ஒண்ணு பழக்குங்க என்றார். உன் அம்மா தட்டில் கரண்டியால் தட்டிப் பழக்குகிறாள், அதற்கு வருகிறாள். ஆனாலும் உன் சொல்லைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறோம், ஆறிப்போகட்டும். பயத்தில் மாடி வீட்டு அம்மாவைக்கூட வாங்க என்று கூப்பிடுவதில்லை, எடுத்த எடுப்பில் உட்காருங்க என்கிறோம், அவர் என்ன நினைக்கிறாரோ. நகம் வெட்ட இப்போது நானே எழுந்து அவளிடம் போகிறேன், முட்டி ஒன்றும் கழன்று விழுந்துவிடவில்லை.

இத்தனையும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். லீவில் வரும்போது வாசலில் நின்றதுமே அந்தச் சொல்லால் அவளைக் கூப்பிடாதே, கண்ணு. அவள் ஒளிந்துகொண்டால், உன்னை மறந்துவிட்டாள் என்று உன் முகம் வாடும், அதைப் பார்க்க என்னால் ஆகாது. மறக்கவே இல்லை, நீ விட்டுப்போன ஸ்வெட்டரை எடுத்தால் உறுமுகிறாள். வாசலில் அம்மா மாதிரி முதுகைக் காட்டி உட்கார், அவளே வருவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. இதைப் படித்ததும் மறக்காமல் என்னைக் கூப்பிடு. திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் சரி, நான் வருவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா