கேமராவின் மேல் துண்டு

மகனுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

ஹால் கேமராவின் மேல் துண்டைப் போட்டது பக்கத்து போர்ஷன் ஒடிசாக்காரப் பெண் இல்லை. நான்தான். அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் ஓசூருக்கு வந்து இங்கே குடியேறிய அன்று, திருட்டுக் கும்பல் என்று சொல்லி உன்னிடம் கேமரா கேட்டவனும் நான்தான். இப்போது நீ பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, நான் ஈ விரட்டுவதைக்கூடப் பார்க்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களைக் காலி செய்யச் சொன்னாயாம். வீடு உன் பேரில் இருக்கிறது. நான் என்ன சொல்ல?

என்னால் குனிய முடியாது. என் கால் நகங்களை உன் அம்மாதான் வெட்டிவிடுவாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. நகம் சதையில் இறங்கி, செருப்புப் போட முடியாமல் வாசலில் நின்றேன். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அந்தப் பெண் பார்த்துவிட்டாள். நகவெட்டியோடு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, "தாத்தா, கால் நீட்டு" என்றாள்.

நீ பார்க்க வேண்டாமென்று துண்டைப் போட்டேன்.

வலது கால் முடிந்ததும் கேமராவில் உன் குரல் கேட்டது. "ஏய், யாரு உள்ள? வெளிய போ." அவள் போய்விட்டாள்.

துண்டை எடுத்துவிட்டேன். கேமராவுக்கு நேராகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். இடது காலைப் பார்.

அப்பா