என் ஐந்தடி பத்தங்குலம்

மார்ச் 4, செவ்வாய்

போன வாரம் கேமரா விட்டு என் பெருங்குடலிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். இன்று முடிவு சொன்னார்கள். கட்டிக்குள் புற்றுநோய் ஆரம்பித்திருந்ததாம். முழுசாக எடுத்தாயிற்று, பரவவில்லை, சொல்கிற தேதிகளில் வந்து காட்டினால் போதும் என்கிறார் டாக்டரம்மா. மத்தியானமே என் பழைய மரக் கிடங்குக்கு வந்துவிட்டேன். இடித்த வீட்டுக் கதவுகள் ஒரு லோடு. இறக்கும்போது நான் பக்கத்தில் நிற்காவிட்டால் ஒரு கண்ணாடி மிஞ்சாது.

மார்ச் 7, வெள்ளி

ஆராய்ச்சிக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வித்தாள். புகை உண்டா, மாமிசம் எவ்வளவு — சரி. அப்புறம், உயரம்? பத்து வயதுக்குள் வீட்டில் சாப்பாடு எப்படி? நாற்பத்தொன்பது வயதுக்காரியிடம் நாலு வயதில் என்ன தின்றாய் என்று கேட்கிறார்கள். ஐந்தடி பத்தங்குலம் என்று எழுதினேன். சாப்பாட்டுக்கு என்ன எழுத?

எதற்கு இதெல்லாம் என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

"ஆயிரக்கணக்கான பேரப் பாத்ததுல, உயரமானவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வருது. சின்ன வயசுல பஞ்சத்துல வளந்த சில கூட்டத்துல கொஞ்சம் கம்மி. எல்லா எடத்துலயும் அப்படி இல்ல. ஏன்னும் முழுசாப் புரியல."

"அப்ப புள்ளைங்களப் பட்டினி போடணுமா?"

"போட்டா வேற நோய்ல போயிடும். நல்லாப் போடுங்க. உங்க கூடப் பொறந்தவங்கள மட்டும் உடனே சோதனைக்குக் கூட்டிட்டு வாங்க."

கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன்.

மார்ச் 8, சனி

விலைக்கு வந்த ஒரு வாசல் நிலைச்சட்டத்தின் வெட்டுமுகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை பெய்த வருஷத்து வளையம் அகலம், காய்ந்த வருஷத்தது நெருக்கம்; நெருங்கினால் மரம் உறுதி. முப்பது வருஷமாக இதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறேன். எனக்குள்ளேயும் அப்படி ஒன்று இருந்திருக்கிறதே, எனக்கே தெரியாமல்! நாலு வயதில் தின்றது இன்னும் எங்கோ இருக்கிறதா? மலைப்பாக இருக்கிறது. வேலை ஓடவில்லை.

அதே மலைப்பில் அந்தச் சட்டத்தை, கேட்ட விலை கொடுத்து எடுத்தேன். எவ்வளவு நெருங்கிய வளையம்!

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனின் தையல் கடைக்குப் போனேன். வழக்கம்போல மிஷின் டிராயரில் பிஸ்கட் பாக்கெட். கேள்வித்தாளைக் காட்டி, சின்ன வயதில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டேன்.

"அப்பா படுத்த படுக்கையா கெடந்தாரே, அந்த நாலு வருஷத்தக் கேக்கிறியா? தெனம் வீட்டுக்கு ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். அது உனக்கு."

"உனக்கு?"

"வெளிய சாப்ட்டு வந்தேன்னு சொல்லிடுவேன்."

"வெளியன்னா எங்க?"

ஊசியில் நூல் கோத்தான். மூன்று தடவை தப்பியது. "வெளியன்னா வெளியதான்."

அப்போது எனக்கு இரண்டிலிருந்து ஆறு. அவனுக்குப் பத்திலிருந்து பதினாலு. பையன்கள் மளமளவென்று வளரும் வயது. இன்றைக்கும் என் தோளுக்குத்தான் இருப்பான். என்னை "ஏணி" என்பான், பெருமையாக. எல்லாம் நானே சம்பாதித்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இந்த உயரம் யார் சம்பாத்தியம்?

டாக்டரம்மா சொன்னதை உளறிவிட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப நான் குடுத்த முட்டையாலயா?"

"லூசு மாதிரி பேசாதண்ணே. அது இல்லன்னா நான் பொழச்சிருக்கவே மாட்டேன்."

மிஷினை மிதித்தபடி, "அப்ப எனக்கு வராது. காஞ்சு வளந்தவனாச்சே. சோதனையெல்லாம் வேணாம்" என்றான்.

இந்த வாயை வைத்துத்தான் வியாபாரம் பண்ணினேன். இன்று அதுவே கெடுத்தது.

மார்ச் 12, புதன்

சோதனைக்குக் கூப்பிட்டு அண்ணனுக்கு நாலாவது ஃபோன். "கஸ்டமர் நிக்கிறாங்க ஏணி."

மார்ச் 15, சனி

அந்த நிலைச்சட்டத்தில் ஆணி அடித்தால், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. மேலே தோல், உள்ளே முழுக்கக் கரையான். வளையத்தைப் பார்த்து மயங்கி, தட்டிப் பார்க்காமல் எடுத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில் இப்படி ஏமாந்ததில்லை.

என்னையே திட்டி முடித்ததும் ஒன்று தோன்றியது. சட்டத்தை வண்டியில் ஏற்றி அண்ணன் கடை வாசலில் இறக்கினேன்.

"தட்டிப் பாரு."

கத்தரிக்கோல் பிடியால் தட்டினான். பொக்கென்றது. "பாத்தா நல்ல மரமாட்டம் இருக்கே?"

"காஞ்சு வளந்த மரம். சாதாரணமா கரையான் அண்டாது. இதுல அண்டியிருக்கு."

தடவிப் பார்த்தான். "என்ன வெலைக்கு எடுத்த?"

"அதக் கேக்காத."

சிரித்தான். பிறகு மெல்ல, "என்ன பண்ணுவாங்க அங்க?"

"மொத நாள் சாப்பிடக் கூடாது. மருந்துத் தண்ணி குடிச்சு வயித்தக் கழுவணும். மறுநாள் கேமரா விட்டுப் பாப்பாங்க. தெரியவே தெரியாது."

"நாள் பூராவா?" கை தன்னால் டிராயரைத் தொட்டது. "கேமராவுக்குப் பயமில்ல. பட்டினி மட்டும் என்னால ஆகாது ஏணி. இனிமே ஆகாது."

இத்தனை வருஷமாக அந்த டிராயர் ஏன் காலியாக இருந்ததில்லை என்று இன்றுதான் புரிந்தது.

பேரத்தில் நான் முதலில் இறங்குகிறவள் இல்லை. இன்று இறங்கினேன். அவனும் ஒத்துக்கொண்டான்.

வரும் வியாழன் காலை எட்டு மணிக்கு அவனுக்குச் சோதனை. புதன் முழுக்கப் பிஸ்கட் பாக்கெட் என் கிடங்கில், பூட்டிய பெட்டியில். அவனுக்கு மருந்துத் தண்ணீர், எனக்கு அதே அளவு வெறும் தண்ணீர். இந்தத் தடவை இரண்டு பேரும் பட்டினி.