துண்டைத் துவைத்துவிட்டேன்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை அதை எழுத மறுக்கிறது. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பிப்பாய், நான் பதிலுக்குக் கத்துவேன், உன் பொண்டாட்டி வந்து போனைப் பிடுங்குவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி, படித்து முடிக்கும்வரை ஒரு சாமானையும் தூக்கி எறியாதே.

அப்பாவுக்குக் காலில் அடி என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தேன். அடி இல்லையடா, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போய் உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சலவைக் கடையில் வெளுத்த துண்டுகளை ஓட்டலில் கொடுக்க நம் காரில் போய்க்கொண்டிருந்தோம், பச்சை விளக்கு விழுந்த பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார், பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு கறுப்புக் கார் சிவப்பை மதிக்காமல் வந்து அப்பா பக்கத்துக் கதவில் மோதியது. கதவு உள்ளே மடங்கி அவர் காலைக் கவ்விக்கொண்டது. கண்ணாடிச் சில்லு என் வாய்க்குள் இருந்தது. அப்பா போட்ட சத்தம் இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கறுப்புக் காரிலிருந்து இறங்கினவன் மேல் குப்பென்று சாராய நெடி, ஸ்டியரிங்கில் மோதி மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. பாவி நான், அவனுக்கும் இரக்கப்பட்டு மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவிக் கொடுத்தேன். அவன் அதை மூக்கில் அழுத்திக்கொண்டு, "தப்பு என்மேலதாம்மா, சிவப்பக் கவனிக்கல, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னான்.

பிறகு யாருக்கோ போன் போட்டான். வழியில் போனவர்கள் கடப்பாரையால் கதவை நெம்பி அப்பாவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கார் வந்தது. இவன் துண்டை எங்கள் மூட்டைமேல் விசிறிவிட்டு அதில் ஏறிப் போய்விட்டான். அந்தக் காரிலிருந்து இறங்கிய ஒருத்தன் கறுப்புக் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். போலீஸ் வந்ததும், "நான்தான் சார் டிரைவர், முதலாளி வண்டிலயே இல்ல, பெரியவர்தான் சிவப்புல குறுக்க வந்தாரு" என்று மனப்பாடம் பண்ணினதுபோல் ஒப்பித்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பா "பொய் சொல்றான் சார், பொய் சொல்றான்" என்று தொண்டை கிழியக் கத்தினார். வலியில் உளறுகிறார் என்று விட்டுவிட்டார்கள். கதவை நெம்பியவர்கள் சாட்சி என்றதும் கரைந்துபோனார்கள், சிக்னல் கேமரா ரிப்பேராம், கறுப்புக் காருக்குள் துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். அவன் ரத்தம், அவன் அங்கே இருந்தான் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

அதை நான் துவைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு வந்தவள் மூட்டையைப் பிரித்தேன், ரத்தக்கறையைக் கண்டால் நம் வீட்டில் யாருக்குக் கை சும்மா இருக்கும்? பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, கசக்கி, அலசி, இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டேன். மனசெல்லாம் அப்பாவிடம் இருந்தது, கை தன்பாட்டுக்கு வேலை பார்த்துவிட்டது. பிறகுதான் அது சாட்சி என்று உறைத்து ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். இன்ஸ்பெக்டர் அதை விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "சோப்பு வாசனை நல்லாருக்கும்மா" என்றார். அன்றைக்கு என் தலையை நானே சலவைக்கல்லில் மோதிக்கொண்டேன். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, பயப்படாதே. கேஸ் அப்பாமேல் திரும்பிவிட்டது.

மூக்கு வீக்கம் வற்றிய பிறகு அந்த ஆள் கடைக்கே வந்தான். நான் தனியாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தப்பு அப்பாவுடையதுதான் என்று ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம், போட்டால் கிழவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடச் சொல்வானாம். வெளியே போடா என்றேன். போகவில்லை. என் இஸ்திரி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். "அந்தத் துண்டக்கூட நீயே துவைச்சுக் குடுத்துட்டியாமே, என் சட்டையும் ரெண்டு கிடக்கு, அனுப்பி வைக்கவா?" என்றான்.

சூடான இஸ்திரிப் பெட்டியை அவன் கைமேல் வைத்தேன். பட்டது என்று எழுதவில்லை, வைத்தேன் என்று எழுதுகிறேன். இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். துணி கருகும் வாசனை எனக்குப் பழக்கம், இது வேறு வாசனை. அவன் மாடு மாதிரி அலறினான், இன்னொரு கையால் என் தாடையில் குத்தினான், மறுபடி குத்தினான், பல் ஒன்று தெறித்தது, நான் விடவில்லை. பெட்டியைத் தூக்கியபோது தோல் அதோடு வந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஓடிவந்து என்னைப் பின்னால் இழுக்காவிட்டால் அடுத்தது முகத்தில்தான் வைத்திருப்பேன்.

போலீஸ் வருவதற்குள் தையல்காரர் என் காதில், "அக்கா, அவன் அடிச்சான், பயத்துல பெட்டி நழுவிடுச்சுன்னு சொல்லுங்க, உங்க முகத்தப் பாத்தாலே நம்பிடுவாங்க" என்றார். அப்படியே சொன்னேன். தண்ணீர்பட்ட பாடாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அந்த ஆள் "பொய் சொல்றா சார்" என்று அலற அலற, வாயை மூடு என்று அவனைத்தான் அதட்டினார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறுநாளே அவன் பக்கத்திலிருந்து தூது வந்தது. அவன் என்னை அடித்த புகாரை நான் வாபஸ் வாங்கினால், காரை ஓட்டியது தானேதான் என்று அவன் ஒத்துக்கொள்வானாம். அப்பாமேல் கேஸ் இருக்காது, எல்லாம் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பறந்துகொண்டு போய்ச் சொன்னேன். அப்பா என் வீங்கின தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெட்டி நழுவுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் அப்பாவுக்கு என் கையைத் தெரியாதா? சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஊட்டின கஞ்சியை வாங்கவில்லை. கடைசியில், "அவன் பொய்யால நான் இப்படிக் கெடக்கேன், உன் பொய்யால எழுந்திரிக்க மாட்டேன், போய் உள்ளதச் சொல்லு" என்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தேன், சுவரில் பட்டது, நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள். உங்களைக் காப்பாத்தத்தானே சொன்னேன், ஜெயிலுக்குப் போகணும்னு ஆசையா என்று கத்தினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் என் காதில் இரண்டு குரல் கேட்கிறது, ஸ்ட்ரெச்சரில் உன் அப்பா கத்தினதும் கடையில் அவன் கத்தினதும். எது யார் குரல் என்று பிரிக்க முடியவில்லையடா.

நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். வேண்டுமென்றேதான் வைத்தேன் என்று சொல்லப்போகிறேன். வைத்ததற்கு வருத்தம் இல்லை, அந்தக் கையை மறுபடி மேசையில் பார்த்தால் மறுபடி வைப்பேன், அதையும் சொல்வேன். நான் உள்ளே போவேன், அவன் வெளியே திரிவான், அப்பாமேல் கேஸ் நடக்கும். வக்கீலைப் பிடித்து அதை நேர்வழியில் பார், எத்தனை வருஷம் ஆனாலும் சரி. அவனை அடிக்க வருவதானால் நீ வராதே, உனக்கு இருப்பது என் கை என்று எனக்குத் தெரியும். அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து முதுகு துடைத்துவிட வருவதானால் உடனே கிளம்பி வா. அவர் வலிக்கவில்லை என்றுதான் சொல்வார், நம்பாதே, நெற்றியைத் தொட்டுப் பார்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மருமகளுக்கு என் ஆசி. குழந்தைக்கு என் முத்தம். அது பாட்டி எங்கே என்று கேட்டால், வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லி வைக்காதே. ஒருத்தன் கையைச் சுட்டுவிட்டு உள்ளே இருக்கிறாள் என்றே சொல்.

இப்படிக்கு,
உன் கோபக்கார அம்மா