நான் சொல்லாத ‘வரேங்க’

ஜூலை 7, 2025, திங்கள்

மக்காச்சோள மாவு இறங்கியது. பாதி மூட்டைகளில் தையல் பிரிந்திருந்தது. லோடு இறக்க வந்தவர்களிடம் காலையிலேயே கத்தித் தொலைத்தேன்.

ஏரியூரிலிருந்து வந்த முனியப்பன், “எந்நேரம் வாய்ஸ் போட்டாலும் பதில் சொல்லீர்றீங்கம்மா. பென்னாகரத்துல வேற எந்தத் தீவனக் கடையில இப்படி இருக்குது?” என்றார். சிரித்து வைத்தேன். கடை போன் மே மாதத்திலிருந்து தம்பி பூவரசனிடம் இருக்கிறது. விலையும் கடை நேரமும் கேட்பவர்களுக்கு ஏஐ எழுத்தில் பதில் அனுப்பும், ஆடு மாடு பற்றிய சந்தேகமெல்லாம் உனக்கே தள்ளிவிடுகிறேன் என்றான். இப்போது நாளுக்கு இரண்டு மூன்று வாய்ஸ்தான் எனக்கு வருகிறது. முன்பு முப்பது வரும். ஜனங்களுக்குச் சந்தேகம் குறைந்துவிட்டது போல.

ஜூலை 9, புதன்

மதியம் பத்து நிமிஷம் படுத்தேன். தம்பி பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினது வீண் போகவில்லை.

ஜூலை 14, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ராமக்காள் வந்தாள். ஏரியூர் தாண்டி, காட்டோரம் முப்பது வெள்ளாடு வைத்திருப்பவள். ஒன்றரை மாதமாக ஆளே வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் தீவனம் வாங்கிப் போனார். வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “மாது போன நாள்ல இருந்து தெனமும் எங்கூடப் பேசுனியே கண்ணு. நீ இல்லன்னா நானும் அவன் பின்னாடியே போயிருப்பேன்.”

மாது அவளுடைய ஒரே மகன். ஜூன் மூன்றாம் தேதி ஒகேனக்கல் ரோட்டில் பைக் மோதிச் செத்திருக்கிறான். அதுவே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்; பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருப்பார். நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு அவளே சொன்னாள்: “ஒண்ணுதான் சுருக்குன்னு இருந்துச்சு. பேசி முடிக்கறப்பெல்லாம் ‘வரேங்க’ன்னு சொன்னே. எழவு வூட்ல யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? சரி, கடைப் பழக்கம் வாயில வந்துருச்சுன்னு வுட்டுட்டேன்.”

துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல்தான் எழுந்து வருவோம். மறுபடியும் வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அவள் போனதும் பூவரசனிடமிருந்து கடை போனைப் பிடுங்கினேன். ராமக்காளுக்குப் போன வாய்ஸ் நாற்பத்தாறு. எல்லாம் என் குரல். பேச்சுக்கு நடுவில் நான் இழுக்கிற ‘ம்ம்’ கூட இருக்கிறது. “கடையை வுட்டுட்டு நேர்ல வர முடியலைங்க அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க.” “அழுதுருங்க. எங்கம்மா போனப்ப நானும் அழாம அடக்கி வெச்சுத்தான் கஷ்டப்பட்டேன்.” ஒவ்வொன்றும் “சரிங்க, வரேங்க” என்று முடிகிறது. தீவனம் கேட்பவர்களிடம் நான் அப்படித்தான் முடிப்பேன்.

விளம்பரத்துக்கு என்று மே மாதம் நூறு வரி படிக்க வைத்துப் பதிவு செய்தானே, ஏஐக்கு என் குரலைப் பழக்கத்தானா?

“அம்மா செத்தத அதுக்கு யாருடா சொன்னது?”

“நாந்தான் எழுதிக் குடுத்தேன். நீ எப்படிப் பேசுவேன்னு அதுக்குத் தெரிய வேணாமா?” என்றான். அவனுக்கும் அவள் அம்மாதானே.

“கெட்டதா என்னக்கா சொல்லுச்சு? அந்தம்மா உசுரோட இருக்குதில்ல? நீயே பேசியிருந்தா நாப்பது நாள் இவ்ளோ பொறுமையா பேசியிருப்பியா?”

பேசியிருக்க மாட்டேன். இரண்டு நாள் பேசியிருப்பேன். அதைச் சொல்லி என் வாயை அடைத்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. பாதி வியாபாரம் கைஜாடையில் நடந்தது.

ஜூலை 17, வியாழன்

என் கண் முன்னால் அதை நிறுத்த வைத்தேன். நிறுத்தினான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், ஏதோ நான்தான் அவனை ஏமாற்றின மாதிரி.

“அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிராதக்கா. தாங்காது” என்கிறான். நியாயம்தானே என்றும் படுகிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் வந்து கையைப் பிடிப்பாள், நானும் தலையை ஆட்ட வேண்டும். முதல் பொய் அவனுடையது. அன்றைக்கு ஆட்டினது என்னுடையது.

ஜூலை 20, ஞாயிறு

போனேன். சொல்லிவிட்டேன்.

மெஷின் என்றால் அவளுக்குப் புரியுமா என்று பயந்தேன். நன்றாகவே புரிந்தது. “அப்ப நான் அழுதத யாரு கேட்டது?”

“யாரும் கேக்கலைங்க அக்கா.”

“மாது, மாதுன்னு அவன் பேரச் சொன்னியே.”

“நான் சொல்லலைங்க.”

அவன் கடைசியாகக் கட்டியிருந்த லுங்கி கொடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டியைத் திறந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

ஜூலை 28, திங்கள்

எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் வாய்ஸ் போட்டேன். இரண்டு மாதமாக என் குரலில் உங்களோடு பேசியது ஏஐ. எனக்குத் தெரியாமல் நடந்தது, ஆனால் கடை என்னுடையது, தப்பும் என்னுடையதுதான். அது சொன்னதைக் கேட்டு ஆடு மாட்டுக்கு ஏதாவது கொடுத்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். இனிமேல் மெஷின் விலை மட்டும்தான் அனுப்பும், ‘இது மெஷின்’ என்ற வரியும் அதில் இருக்கும். இதையே எழுதிக் கடை வாசலிலும் மாட்டினேன்.

முதல் பதில் முனியப்பனிடமிருந்து வந்தது: “இது நீங்களா, அதுவாங்க?”

இருபது வருஷமாக இந்த வாயை வைத்துத்தான் பிழைக்கிறேன். நான்தான் என்று அவருக்கு எப்படிக் காட்டுவது?

ஆகஸ்ட் 2, சனி

பூவரசன் பெங்களூர் கிளம்பிவிட்டான். “உனக்கு உதவத்தானேக்கா செஞ்சேன்” என்றான். உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? ஒன்பது வயதிலிருந்து எதற்கெடுத்தாலும் என்னைத்தானே கேட்பான்.

படியிறங்கும்போது “வரேன்க்கா” என்றான். நான் வா என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றும் ஒரு வாய்ஸ்கூட வரவில்லை. வேண்டியவர்கள் நேரில் வருகிறார்கள், மற்றவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மதியம் ராமக்காள் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், “நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கேளு” என்றாள்.

அவளை உள்ளே கூப்பிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். அன்று காலை மாது கம்மங்கூழ் வேண்டாம் என்றது, சாவியைத் தேடினது, சினை ஆட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனது. எல்லாம் அந்த மெஷினிடம் ஒரு தரம் சொன்னதுதான். எனக்கு ஒரு ஆறுதலும் சொல்ல வரவில்லை. ‘ம்ம்’ கொட்டினேன். அது என்னைவிட நன்றாகப் பேசியிருந்தது.

முடித்ததும் கேட்டாள், “கேட்டியா?”

“கேட்டேங்க அக்கா.”

“நீதானே?”

கையை நீட்டி என் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். தீவனம் வாங்கவில்லை. வரேன் என்றும் சொல்லவில்லை.