பஜ்ஜி என்னுடைய எலி

போன வாரம், பிறந்தநாள் விழாக்களுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் பெண் ஒருத்தி பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "சார், பார்ட்டிக்காரங்க ஜோக்கர் அங்கிளைத்தான் கேக்கறாங்க. அவரு இப்ப இல்ல. நீங்களே இதைப் பூசிக்கிட்டு ஒரு மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்களேன்" என்றாள். திறந்தால் வெள்ளை முகப்பூச்சு. வாசனை மூக்கில் ஏறியதும் மூடிவிட்டேன். அது உன் சட்டைக் காலரின் வாசனை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நீ என் வீட்டுக்கு வந்து உட்காரும்போதெல்லாம் அடித்த வாசனை. ஏதோ புது ஹேர் ஆயில் என்று நினைத்திருந்தேன். ஒரு முறை உன் காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒட்டியிருந்ததைக்கூடக் காட்டினேன். "ஷேவிங் சோப்புடா" என்று துடைத்துக்கொண்டாய். ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் மேஜிக்காரன் நான், அதையும் நம்பினேன்.

"வெறும் முகத்தோட வர்றேம்மா. சரின்னா கூப்பிடுங்க" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஜோக்கர் என் நண்பன் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கே வெகுகாலம் தெரியாதே. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் கேட்டது போதவில்லை.

நாம் சேர்ந்து மேடையேறிய நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது. மர்பி டவுனிலிருந்து நான், ஆஸ்டின் டவுனிலிருந்து நீ. ஒரே தையல்காரர் தைத்த இரண்டு கறுப்புக் கோட்டு. ஹோட்டல், கம்பெனி ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு என்று பெங்களூரில் நாம் நிற்காத மேடை கிடையாது. முதலில் உன் கயிறும் சீட்டும். கடைசியில் என் கத்திப் பெட்டி. கத்திகளை நான் செருகுவேன், உள்ளே நீ படுத்திருப்பாய். அப்படி ஒருத்தன் நம்மிடம் உடம்பைக் கொடுத்துவிட்டுப் படுத்தால், அவன் சொல்வதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

ஒரு கம்பெனியின் குடும்ப விழாவில் நான் ஒருவரின் கையை வெட்டுவதுபோல் காட்டியபோது, அவருடைய பையன் அலறி அழுதான். அம்மா தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் தோளில் கைபோட்டுக்கொண்டு நீ மெதுவாகச் சொன்னாய்: "உன் கண்ணுதான்டா காரணம். பெரியவங்களுக்கு அது சரி. பசங்களுக்கு பூச்சாண்டி மாதிரி தெரியுது. கோச்சிக்காத, உன் நல்லதுக்குதான் சொல்றேன்."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் உன்மேல் நன்றியாகவும் இருந்தது. மூஞ்சிக்கு நேராக யார் இப்படிச் சொல்வார்கள்? அதற்குப் பிறகு யாராவது பிறந்தநாள் நிகழ்ச்சி என்று வந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொள்வாய். "விடு குரு, நம்ம லைன் இல்ல அது. மூக்குல சிவப்பு உருண்டைய ஒட்டிக்கினு கோமாளி வேலை பாக்கணும்." நானும் ஆமாம் போட்டேன்.

வீட்டில் மட்டும் அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. கரண்ட் போகும் சாயங்காலங்களில் என் மகளுக்கு கர்ச்சீப்பை முடிச்சுப் போட்டு எலி செய்து காட்டுவேன். கர்ச்சீப் எலி உலகத்துக்கே தெரிந்ததுதான். ஆனால் என் எலிக்கு பஜ்ஜி என்று பேர் வைத்தவள் அவள். அதற்குத் திமிர் ஜாஸ்தி. வா என்றால் வராது. "பஜ்ஜி, வராதே!" என்று அதட்டினால்தான் சட்டைக் கையிலிருந்து தலையை நீட்டும். எனக்கு மட்டும் அது கண்ணில் படாது, நான் எங்கெங்கோ தேடுவேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்வாள். ஒருநாள் நீ தோசைத் தட்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "நல்லா இருக்குடா. ஆனா வீட்டோட வெச்சிக்கோ."

அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்குத் தெருப் பிள்ளைகளெல்லாம் மொட்டை மாடிக்கு வந்தார்கள். மேஜிக் யார் செய்தது? நீ. நான் ஐஸ்கிரீம் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. என்ன நல்ல மனசு இவனுக்கு, என் குழந்தைக்காக வந்து செய்கிறானே என்று அந்தப் படியில் நின்று நான் நெகிழ்ந்துபோனேன். நினைத்தால் இன்று பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் காலம் மாறியது. கம்பெனிகள் சிரிக்க வைப்பவர்களையும் பாட்டு போடுபவர்களையும் கூப்பிட ஆரம்பித்தன. கத்திப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. நீ எதற்கும் கலங்கவில்லை. "எப்படியாவது ஓடுதுடா" என்பாய். எனக்குத்தான் ஓடவில்லை. கடைசியில் என் மனைவி பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியதால், சர்ஜாபூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒப்புக்கொண்டேன். உனக்குச் சொல்லவில்லை. திட்டுவாய் என்று பயம். கண்ணை மறைக்க பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நுழைந்த சூட்டோடு ஒரு பெண் குழந்தை என் மடியில் ஏறி அந்தக் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டது. என் கண்ணை நேராகப் பார்த்துச் சிரித்தது. இன்னொன்று என் ஷூவின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஒன்றுகூட அழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், திட்டத்தில் இல்லாவிட்டாலும், கர்ச்சீப்பை எடுத்து முடிச்சுப் போட்டேன். இரண்டு காது வந்தது. நான் வாயே திறக்கவில்லை. அத்தனை குழந்தைகளும் ஒரே குரலில் கத்தின: "பஜ்ஜி! டோன்ட் கம்!"

கை அப்படியே நின்றுவிட்டது. "ஜோக்கர் அங்கிள் எல்லார் பர்த்டேக்கும் இதைப் பண்ணுவாரு சார். எங்க பசங்களுக்கு மனப்பாடம்" என்று சிரித்தார் பிறந்தநாள் குழந்தையின் அப்பா. போனில் வீடியோ காட்டினார். வெள்ளை முகம், சிவப்பு மூக்கு, பச்சை முடி. முகத்தை எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேஜிக்காரன் முகத்தையா பார்ப்பான்? கையைப் பார்த்தேன். இடது மோதிர விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரலை டேபிள் ஃபேனில் விட்டு நீ உடைத்துக்கொண்ட அன்று உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

மறுநாள் காலை விவேக் நகரில், சர்ச்சுக்குப் பக்கத்து டீக்கடையில் உன்னைப் பிடித்தேன்.

"பஜ்ஜி எப்படி இருக்கான்?" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாய். "நீயும் பூந்துட்டியா இந்த லைனுக்கு?" என்று கேட்டாய். அதுதான் உன் முதல் கேள்வி.

"எத்தினி வருசமாடா?"

"இன்னாடா பண்றது? ஸ்டேஜ்ல கைதட்டு எல்லாம் உனக்கு. நான் பொட்டிக்குள்ள படுத்துகினு இருந்தேன். எனக்குன்னு ஒண்ணு வேணாமா?"

"அதுக்கு என் பொண்ணோட எலியா?"

"எலி யார் வேணா பண்ணலாம்."

"சரி, விடு. என் கண்ணு? பூச்சாண்டின்னு சொன்னியே?"

நீ ரோட்டைப் பார்த்தாய். "அது சும்னே சொன்னதுடா. நீ வந்துட்டா என்னை எவன் கூப்புடுவான்?"

சும்மா சொன்னதாம். தமிழில் சொல்ல உனக்கே கூச்சமாக இருந்ததோ என்னவோ, கன்னடத்தில் சொன்னாய். "பஜ்ஜி என்னோடதுன்னு நாலு பேர்கிட்டயாவது சொல்லு. போதும்" என்றேன். "சொல்றேன், சொல்றேன்" என்றாய். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

நீ சொல்லவில்லை. சில மாதங்களில், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தது. வந்தேன். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்திதாண்ணா எப்பவும் பேசுவாரு" என்றார். என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. அழுதேன். உனக்காக அழ வேண்டியிருக்கிறதே என்பதிலும் உன்மேல் ஆத்திரமாக இருந்தது.

இப்போது எனக்கு இதுதான் பிழைப்பு. நன்றாகவே செய்கிறேன், உன்னைவிட நன்றாக. ஆனால் போகிற இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு வாண்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அங்கிள், இது ஜோக்கர் அங்கிளோடது. நீங்க காப்பி அடிக்கறீங்க" என்கிறது. பெற்றவர்கள் நெளிகிறார்கள். அந்தக் குழந்தைக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

இதையெல்லாம் ஒருநாள் என் மகளிடம் சொன்னேன். இப்போது ஆபீஸ் போகிறாள். எலியைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள். கண்ணைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "அதனாலதான் படியிலயே நின்னீங்களா? என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி வர்றதுக்கு உங்களுக்கு வெக்கம்னு நெனச்சேம்ப்பா. ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். பஜ்ஜியை வேண்டுமானால் நீயே வைத்துக்கொள். இதை உன்னால் என்ன செய்ய முடியும்?

நேற்று ஹென்னூர் பக்கம் ஒரு வீட்டில் நிகழ்ச்சி. முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் திடீரென்று வீறிட்டு அழுதான். அவன் கையிலிருந்த பலூன் உடைந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள், நானும்தான் பார்த்தேன். நீ சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவன் அம்மா இன்னொரு பலூனைக் கொடுத்து, அவன் சிரிக்கத் தொடங்கிய பிறகும் நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.