இருட்டறையில் கேட்ட உங்கள் குரல்

என்னைப் பெற்றதோடு நிற்காமல், படிக்கவும் அனுப்பிவைத்த என் அய்யனுக்கு,

மோகனூரில் இந்த வருஷம் காவிரி கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அம்மா சுகம். கண் கொஞ்சம் மங்கிவிட்டது, நாக்கு மட்டும் பழையபடிதான். இதைச் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். மனசு கலங்கினால் நான் சுற்றிவளைத்துத்தான் பேசுவேன்.

இந்த வாரம் ஒருவர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிலைத் தேடினால் மனசு அந்த இருட்டறைக்கே போய் நிற்கிறது. அங்கே நீங்களும் இருந்தீர்கள். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு என்ன நடந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

அப்போது யுத்தம் வந்திருக்கவில்லை. டாக்டர் படிப்பின் கடைசிக் கட்டத்தில் எங்களில் சிலரைச் சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். கட்டிக்கொடுத்த வருஷமே தாலியை இழந்து வந்தவளை வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்காரவைக்காமல், திருச்சியில் விடுதிப் பள்ளிக்கு வண்டி கட்டி அனுப்பினீர்களே, அங்கிருந்து வந்து சேர்ந்த இடம் அது.

ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் புதிதாக வந்திருந்தது. பின்கட்டில் ஓர் ஆயில் எஞ்சின் ஓடினால்தான் அதற்கு மின்சாரம். எஞ்சின் திணறினால் திரையும் மங்கும். பாடம் நடத்தியவர் டாக்டர் தேவசகாயம். கெட்டிக்காரர், முன்கோபி. "படிச்சதைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல்லு" என்று அதட்டுவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள் கடைசிப் பரீட்சை எழுத முடியும்.

ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்த அறை. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குத் திரையில் ஒன்றும் தெரியாது. அதனால் கண் இருட்டுக்குப் பழகும்வரை வாய் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பிறகு நோயாளியைக் கூட்டிவந்து மெஷினுக்கும் திரைக்கும் நடுவே நிறுத்துவார்கள். மங்கலான பச்சை வெளிச்சத்தில் அவருடைய நெஞ்சுக்கூடு தெரியும். எலும்புகள் கறுப்பாக, நுரையீரல் வெளுப்பாக, நடுவில் இருதயம் அடித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது கும்பிடத் தோன்றியது எனக்கு.

ஒரு நாள் திரையைப் பிடித்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் முறை என்னுடையது. விழுங்க முடியாத நோயாளி ஒருவர் வருகிறார், அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கதவுத் திரை விலகி மூடியது. நர்ஸ் யாரையோ கையைப் பிடித்துக் கூட்டிவரும் சத்தம். அப்போதுதான் கேட்டது.

"ஏனுங்க, செருப்பக் கழட்டீட்டு வரோணுங்களா?"

எந்த இருட்டிலும் எனக்குத் தெரியும் குரல். களி இறங்கவில்லை என்று நீங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் லீவில் வந்தபோதெல்லாம் முன்னாடியே சாப்பிட்டாயிற்று என்றீர்கள். நாமக்கல் டாக்டர் கைகாட்டிவிட, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நான் அதே கட்டடத்தில் இருப்பது தெரிந்தும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. படிக்கிற பெண்ணைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தீர்களோ?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் திரையைக் கூடப் படித்த சுந்தரத்திடம் கொடுப்பார்கள். சுந்தரம் நல்ல பையன்தான். ஆனால் எக்ஸ்ரே கதிரை அகலமாகத் திறந்துவைத்து, தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டே நிற்பான். அந்தக் கதிர் உடம்பைச் சுடும் என்று எங்கள் டாக்டர் வெந்துபோன தன் விரல்களையே காட்டிப் பயமுறுத்தியிருந்தார். உங்களை நான் யாரிடம் விடுவது? வாயை மூடிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க. இந்த டம்ளரப் பிடிச்சுக்குங்க. ஒரு வாய் எடுத்து வாயிலயே வெச்சிருங்க. நாஞ் சொன்னதும் முழுங்குங்க."

டம்ளரைத் தொட்ட உங்கள் விரல்கள் அப்படியே நின்றன. என் குரலை நீங்கள் கண்டுகொண்ட கணம் அதுதான்.

"செரிங்க, டாக்டரம்மா" என்றீர்கள்.

மகளே என்று கூப்பிடவில்லை. யாரோ ஒரு டாக்டரம்மாவிடம் யாரோ ஒரு குடியானவர் பேசுகிற பணிவு. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்த இருட்டில் எத்தனை சீக்கிரம் முடிவு செய்தீர்கள், அய்யா!

சுண்ணாம்புக் கரைசல்போல வெள்ளையாக இருக்கும் அந்த மருந்து திரையில் கறுப்பாக விழும். நல்ல உணவுக்குழாய் என்றால் கண்ணிமைக்கிற நேரத்தில் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். உங்களுக்கு அது நெஞ்சுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. மேலே குட்டைபோலத் தேங்கி, கீழே கோணல்மாணலாக ஒரு நூல்மட்டும் இறங்கியது.

"என்ன பார்க்கிறாய்?" என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார்.

"தடை இருக்கிறது."

"அது யாருக்கும் தெரியும். எங்கே? எவ்வளவு நீளம்? ஓரம் வழவழப்பா, அரித்ததுபோலவா?"

நான் சொல்லத் தொடங்கியபோது எஞ்சின் திணறியது. பச்சை வெளிச்சம் சுருங்கி அணைந்துவிட்டது. பின்கட்டில் யாரோ கத்தினார்கள். கும்மிருட்டில் எல்லாரும் அசையாமல் நின்றோம். கதிர் படாமலிருக்க நான் போட்டிருந்த ஈயக் கையுறை உங்கள் தோளில் இருந்தது. நீங்கள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள்.

"அவசரப்படாத அம்மணி. நிதானமாப் பாரு."

எஞ்சின் மறுபடி பிடித்தது. "கொஞ்சம் எடது பக்கமாத் திரும்புங்க" என்றேன். முதுகெலும்பின் நிழல் விலகி, அந்த இடம் தனியாகத் தெரிந்தது. நேரே பார்த்தபோது இருந்த சந்தேகமும் போயிற்று. எங்கே, எவ்வளவு, ஓரம் எப்படி, எல்லாவற்றையும் சொன்னேன். நோயின் பெயரையும் இங்கிலீஷில் சொன்னேன். "இனி சில மாதங்கள்தான், சார்" என்று பின்னாலிருந்து சுந்தரமும் இங்கிலீஷிலேயே சேர்த்துச் சொன்னான். "சரி" என்றார் டாக்டர். விளக்கைப் போட்டார்கள்.

வாயோரம் வெள்ளை ஒட்டியிருக்க, வெற்றுடம்போடு கண் கூச நின்றீர்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சவரா?"

"என் அய்யன், சார்."

சுந்தரம் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் தன் நாற்காலியைத் தானே இழுத்து உங்கள் பக்கத்தில் போட்டு, "உக்காருங்கய்யா" என்றார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானும் போனார்.

வராந்தாவுக்கு வந்து சட்டையை மாட்டிக்கொண்டுதான் நீங்கள் பேசினீர்கள்.

"என்ன சாமி பாத்தே?"

"கொஞ்சம் புண்ணு மாதிரி இருக்குதுங்கய்யா. மருந்து சாப்பிட்டா..."

"அத்தன பேருத்துக்கும் இங்கிலீசுல சொன்னியே, அது இவ்வளவுதானா? என்ற தொண்டையப் பத்தி அந்த ரூம்புல இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. எனக்குச் சொல்லமாட்டியா?"

சொன்னேன். சோறு இறங்கும் குழாயில் புற்று என்றேன். கஞ்சி கொஞ்ச காலம் இறங்கும், பிறகு அதுவும் நிற்கும், வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்கலாம், சென்னையில் ரேடியம் வைத்தியம் இருக்கிறது, ஆனால் குணமாகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். அழாமல் சொல்லவேண்டும் என்றுதான் பார்த்தேன். நீங்கள் மேல்துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் உங்கள் வாயோரத்தையும் துடைத்துக்கொண்டீர்கள். பொழுது சாய பஸ் வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். வலிக்குமா, தண்ணிக்கும் தவிக்க வேண்டி வருமா, அம்மாவுக்கு எப்போது சொல்வது.

அன்று மோகனூரில் இறங்கியதும் நீங்கள் நம் வீட்டுக்குப் போகவில்லையாம். வாய்க்கால் தண்ணீர் முறைக்காகப் பல வருஷம் முகம் பார்க்காமலிருந்த சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று, "தம்பி, நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன். முறையப் பேசித் தீத்துக்கலாம், வா" என்றீர்களாம். சித்தப்பா இன்றும் அதைச் சொல்லி அழுகிறார். நீங்கள் போன பிறகு அம்மாவுக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்தான். அந்த வராந்தாவில் நான் சொன்னது சரி என்று இத்தனை காலம் நான் நம்பியது அதனால்தான்.

இப்போது அதே ஆஸ்பத்திரியில் மாணவர்களுக்கு எக்ஸ்ரே பாடம் நடத்துவது நான். மேட்டூர் மின்சாரம் வந்துவிட்டது, எஞ்சினைக் கழற்றிவிட்டார்கள். என் வகுப்பில் நான் ஒரு சட்டம் வைத்தேன். திரைக்கு முன் நிற்கும் ஆளின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்காமல் யாரும் அவர் நெஞ்சைப் பார்க்கக்கூடாது. பெயரும் ஊரும் கேட்டு, என்ன செய்யப்போகிறோம் என்று அவர் பேச்சிலேயே சொல்ல வேண்டும். வெளிச்சத்துக்கு வந்தால் பழகிய கண் கெட்டுவிடுமே என்று இப்போது ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டர் ஆட்சேபித்தார். சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் கெடாது என்று காட்டினேன். பார்த்து முடித்ததும், கண்டதை நோயாளிக்கும் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் மறுபாதி. தகராறு அதில்தான் வந்தது.

அம்மாபேட்டை நெசவாளர் ஒருவர் வந்தார். வயிற்றில் கட்டி. கனகசபை என்ற மாணவன் அருமையாகப் பார்த்தான், ஒரு பிசகில்லை. என் சட்டப்படியே அவரிடம், இது ஆறாத கட்டி என்று தமிழில் சொன்னான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வாரம் அவருடைய மகன் வந்து வராந்தாவில் வழி மறித்தார்.

"எங்கப்பா ரெண்டு வாய் கஞ்சியாவது குடிச்சிட்டிருந்தாரும்மா. நீங்க சொன்னதுக்கப்புறம் சுவத்தப் பாத்துப் படுத்துட்டாரு. பேச்சில்ல, சாப்பாடில்ல. அவரு கேட்டாரா உங்ககிட்ட? யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

நின்றேன். நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். அவர் கேட்டாரா? கேட்கும் முறையாவது நாங்கள் அவருக்குக் கொடுத்தோமா? சட்டம் போட்டது அவருக்காகவா, அந்த வராந்தாவிலிருந்து இன்னும் எழுந்திருக்காத எனக்காகவா?

இன்று காலை கனகசபையைக் கூட்டிக்கொண்டு அம்மாபேட்டைக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச்சத்தம். அந்த வீட்டுத் தறி மட்டும் ஓடவில்லை. மகன் எங்களை உள்ளே விடுவாரோ மாட்டாரோ என்று இருந்தது. கதவை முழுக்கத் திறக்காமல் ஒதுங்கி நின்றார். பெரியவர் சுவர்ப்பக்கமாகப் படுத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். கனகசபை நின்றுகொண்டே, "நான் சொன்னது தப்புன்னா மன்னிக்கணும்" என்றான்.

பெரியவர் திரும்பாமலே பேசினார்.

"தப்புன்னு சொல்லல தம்பி. நீ சொன்னதுமே என் காது அடச்சுப்போச்சு. என்னமோ கேக்கலாம்னு நிமுந்தேன். அதுக்குள்ள நீ அடுத்த ஆளக் கூப்பிட்டுட்ட."

கனகசபை உட்கார்ந்தான். "இப்பக் கேளுங்கய்யா" என்றான்.

அவர் மெல்லத் திரும்பிப் படுத்தார். முதலில் கேட்டது வலியைப் பற்றி. பிறகு தறியில் உட்காரலாமா என்று. பிறகு, மகனைப் பார்த்துக்கொண்டே, இது பிள்ளைகளுக்கும் வருமா என்று. தெரிந்ததற்குப் பதில் சொன்னான், தெரியாததற்குத் தெரியாது என்றான். நான் குறுக்கே பேசவில்லை. மருமகள் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் எழுந்து சாய்ந்து, கொஞ்சம் குடித்தார். மகனுடைய கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கிளம்பும்போது வண்டிவரைக்கும் வந்தார். "நாளைக்கும் வருவீங்களா?" என்று கனகசபையிடம்தான் கேட்டார்.

அய்யா, திரையில் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். வாய் திறந்து சொல்லவும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இனி என் வகுப்பில் ஒருவரும் நோயாளியிடம், "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறீங்க?" என்று கேட்காமல் வாய் திறக்கமாட்டார்கள். சொல்லிவிட்டு, அவர் கேட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவும் மாட்டார்கள். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, பெரிய டாக்டர் கடிகாரத்தைக் காட்டினாலும் சரி. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. நாளைக் காலை கனகசபையோடு நானும் அம்மாபேட்டைக்குப் போகிறேன்.

என்றும் உங்கள் ஒரே மகள்,
பாவாயி