ஐம்பத்தெட்டாம் எண் வரவில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினோரு போன். நான்கு பேர் எடுத்தார்கள். அதில் ஒருவர், நான் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். இதோடு போன் வேலை முடிந்தது.

ஒன்றரை வருடமாக ஒரே பாட்டுத்தான். "வணக்கம், பல் மருத்துவமனையிலேர்ந்து பேசுறோம். நீங்க வேர் சிகிச்சை பண்ணிக்கிட்டு ஒரு வருஷம் ஆகுது. பல்லு எப்படி இருக்கு?" பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைக்கும்போது பழைய பசை நல்லதா, புதுப் பசை நல்லதா என்பதுதான் ஆராய்ச்சி. நூற்று இருபது பேர், ஆளுக்கு ஒரு பல். யாருக்கு எந்தப் பசை என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. அவர்களை வரவழைத்துப் பல்லை எக்ஸ்ரே படம் எடுக்க வைப்பது என் பொறுப்பு.

அந்த நூற்று இருபதில் ஒன்று என் பல். ஆள் போதவில்லை என்று துறையில் இருந்தவர்களையும் கேட்டார்கள். எனக்கும் அப்போது ஒரு கடைவாய்ப்பல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 6, வெள்ளி

வந்த கோபம் இன்னும் போகவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கலாம்.

இறுதிப் பட்டியலைத் தட்டச்சு செய்து மேசைமேல் வைத்திருந்தார்கள், சரிபார்க்கச் சொல்லி. பரிசோதனைக்கு வந்தவர்கள் தொண்ணூற்றாறு பேர். அதில் தொண்ணூற்றிரண்டு பல் நன்றாக இருக்கிறது. ஆக வெற்றி தொண்ணூற்றாறு சதவீதம். எங்கள் துறைத்தலைவர் முதல் நாளிலிருந்து சொன்ன அதே எண்! "தொண்ணூத்தாறு வரும், பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்ணூற்றாறு என்று பெயர் வைத்திருந்தோம். அடி பிசகாமல் வந்துவிட்டது.

மிச்சம் இருபத்து நான்கு பேர்? கடைசித் தாளில், "தொடர்பு கொள்ள இயலவில்லை."

யாரோடு இயலவில்லை? நான்தானே பேசினேன்? பத்துப் பேர் வேறு இடத்தில் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். ஏழு பேர் நன்றாக இருக்கிறது, வர நேரமில்லை என்றார்கள். ஒருவர் இறந்துவிட்டார், அவர் மகள் அழுதுகொண்டே சொன்னாள். ஐந்து பேர் மட்டும்தான் நிஜமாகவே அகப்படவில்லை. எல்லாவற்றையும் என் நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். பட்டியலில் 'குறிப்பு' என்ற கட்டத்தையே காணோம்.

எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று. இன்னொருவர் யார்?

எண் 58.

நான்! தினம் எட்டரைக்கு வந்து, துறைத்தலைவர் அறைக்கு எதிரே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் என்னைத் தொடர்பு கொள்ள இயலவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயிடமே பட்டியலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னதை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 7, சனி

என் பல் போன கதையையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. துறைக்கு விடுமுறை. அக்கா வந்து தெருமுனைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் படம் எடுத்துப் பார்த்தார். "வேருக்கு அடியில சீழ் கட்டியிருக்கும்மா, இனி நிக்காது" என்றார். திங்கட்கிழமையே டாக்டரம்மாவிடம் சொன்னேன். இந்த ஆராய்ச்சி அவளுடைய பட்டத்துக்காக நடப்பது. "அச்சச்சோ அக்கா" என்றாள். அந்த அச்சச்சோ எந்தக் கட்டத்தில் போயிற்று?

வீட்டுக்காரரிடம் கொட்டினேன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நின்னுபோன லிஃப்ட்ட கணக்குல சேக்காம, எங்க லிஃப்டெல்லாம் ஓடுதுன்னு எழுதினா எங்களை உள்ள வெச்சிருவாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "பேசுறதுன்னா பேசு. வேலைய வேற எடத்துக்கு மாத்திருவாங்க, அதையும் நெனச்சுக்கோ" என்றார்.

நினைக்காமல் இல்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தை நூற்றுப் பத்தொன்பது பேருக்கும் வாசித்துக் காட்டியது நான். "உங்கள் பல்லுக்கு எது நேர்ந்தாலும் அது பதிவு செய்யப்படும்." என் வாயால் சொன்னேன். ஓய்வு பெற்ற ஒரு பேருந்து நடத்துநர், "நெசமாவா? கெட்டுப்போனாலும் எழுதுவீங்களா?" என்று கேட்டார். "கட்டாயம் எழுதுவோம் ஐயா" என்றேன். அவர் பல்லும் அந்தப் பத்தில் ஒன்று.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் கேட்டேன். கணினியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "வெள்ளிக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம்க்கா." பேசுவாளா? பார்ப்போம்.

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. நான்தான் எழுந்தேன்.

நோட்டைக் கொடுத்தேன். தொண்ணூற்றாறு அதைத் திறக்கவே இல்லை. "போன்ல சொல்றதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. வேற எடத்துல புடுங்கினா, எதுக்குப் புடுங்கினாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி நியாயமானதுதான். சந்தேகம் இருந்தால் போய்ப் பார், விசாரி, படத்தை வாங்கு. சந்தேகம் என்பதற்காக ஆளையே இல்லை என்று எழுதுவாயா?

"ஒருத்தருக்கு மட்டும் எனக்கு நல்லாத் தெரியும் சார். என் வாய்லதான் நடந்துச்சு."

பையிலிருந்து பழைய தைல டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். உள்ளே பஞ்சில் என் கடைவாய்ப்பல். கூடவே தெருமுனை டாக்டர் எடுத்த படம், வேரடியில் பட்டாணி அளவு கறுப்பு நிழலோடு.

"ஐம்பத்தெட்டு வந்திருக்கு சார்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அவர் டப்பாவைத் தொடாமல், "இது என்ன, சந்தைக் கடையா?" என்றார். கூட்டம் முடிந்தது. டாக்டரம்மா கடைசிவரை தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம்தான் பெரிது. ஏன் என்று தெரியவில்லை. அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் இருக்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன். இடப்பக்கம் மட்டும்.

மார்ச் 16, திங்கள்

பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைக்கும் கீழ்த்தளக் காப்பறைக்கு மாற்றம். "நிர்வாக வசதிக்காக." யாருடைய வசதி?

மார்ச் 24, செவ்வாய்

இங்கே போன்கூடக் கிடையாது. தூசியும் நானும்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டரம்மா படியிறங்கி வந்தாள். வாசலிலேயே நின்றாள். "அக்கா, அந்த நோட்டைத் தருவீங்களா?"

"எதுக்கு? கிழிக்கவா?"

அழுதுவிட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது, ஆனாலும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. கோபம் அவ்வளவு.

"உங்க பல்லுக்கு சிகிச்சை பண்ணது நான்தானேக்கா. பிசிறில்லாம பண்ணேன், படத்துலகூட அழகா இருந்துச்சு. அது தோத்துப்போச்சுன்னு எழுத எனக்குக் கை வரல. உங்களதை விட்டதும் மத்தவங்களதை விடுறது சுலபமாயிருச்சு. சார் கேக்கறதுக்கு முன்னாடியே அந்தக் குறிப்புக் கட்டத்தை நான்தான் எடுத்தேன்."

இத்தனை நாள் ஆளை மாற்றித் திட்டியிருக்கிறேனா? இல்லை, அவரையும் திட்டத்தான் வேண்டும். தெரிந்தபிறகு மூடி மறைத்தாரே.

நெறிமுறைக் குழுவுக்கு அவளே எழுதப்போகிறாளாம். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும், மேலும்கூட ஆகலாம். "வீட்ல சொன்னேன். அப்பா பேசவே மாட்டேங்கறாரு" என்றாள்.

நோட்டைக் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்று நகல் எடுக்க வைத்தேன். ஒவ்வொரு பக்கமும். பிறகுதான் தண்ணீர் கொடுத்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

குழு, பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். இருபத்து நான்கு பேரையும் மறுபடி விசாரிக்க வேண்டும். பிடுங்கிய இடங்களில் படம் கேட்டு வாங்க வேண்டும். தொண்ணூற்றாறு லிஃப்டில் என்னைப் பார்த்தார், மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே மேலே போனார். என்னை மாடிக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள்.

மே 19, செவ்வாய்

பேருந்து நடத்துநர் வந்து போனாராம், கையில் படத்தோடு. "அந்தம்மா எழுதுவோம்னு சொன்னாங்க" என்று என்னைக் கேட்டிருக்கிறார். யாரும் அவரைக் கீழே அனுப்பவில்லை. இதற்கும் கோபம்தான் வந்தது. எனக்கு இப்போதெல்லாம் எதற்குத்தான் வரவில்லை?

ஜூன் 9, செவ்வாய்

மதியம் என் கைப்பேசி அடித்தது. மருத்துவமனை எண்.

"வணக்கம், பல் மருத்துவமனையிலேர்ந்து பேசுறோம். நீங்க வேர் சிகிச்சை பண்ணிக்கிட்டு ஒரு வருஷம் தாண்டிருச்சு. பல்லு எப்படி இருக்கு?"

டாக்டரம்மாவின் குரல். நான் எழுதிக் கொடுத்த வாசகம், ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது.

"பல்லு இல்லீங்க" என்றேன்.

"பரவாயில்லீங்க. ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

மூன்று மாடி ஏறிப் போனேன். மற்றவர்களைப் போல வரிசையில் உட்கார்ந்தேன். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். வேறு யாரோ செய்த சிகிச்சையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள், காதுமட்டும் சிவந்திருந்தது. எந்தப் பசை என்று நான் கேட்கவில்லை. உறையை இன்னும் பிரிக்கவில்லை.

"மொத்தத்துல எண்பத்தாறு சதவீதம்கிட்ட வரும்க்கா" என்றாள்.

எண்பத்தாறு ஒன்றும் கேவலமான எண் இல்லையே. இதற்கா இத்தனை? இனிமேல் அவருக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். எண் 58. வந்தார். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் இல்லை. முடிவு: தோல்வி.

இரண்டு முறை படித்தேன். அடியில் கையெழுத்துப் போட்டேன்.